எழும் நேரம் நம் கையில்

(களமருதூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூக்கம், மனச்சோர்வு, காது இரைச்சல் மூன்றையும் சேர்த்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்ல; உயிரியல் பாடம் நடத்திப் பிழைத்தவன். மருந்துச் சீட்டு என்னிடம் கிடைக்காது. உடம்புக்குள் ஓடும் நேரத்தைப் பற்றி அறிவியல் கண்டு சொன்னதை நம் ஊர் வாழ்க்கையோடு பொருத்திக் காட்டுவதுதான் என் வேலை.

பொழுது சாயும்போது ஏதாவது ஒரு புளியமரத்தடியில் நின்று, கைக்கெட்டும் கிளை ஒன்றைப் பாருங்கள். எதிரெதிரே வரிசையாக இருக்கும் சிற்றிலைகள் மாலை மங்க மங்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விடிந்தால் விரியும். அலெக்சாந்தரின் கடற்படையைச் சேர்ந்த ஆந்த்ரோஸ்தெனீஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் இதைப் பார்த்துச் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். வெயில் பட்டால் விரிகிறது, வெயில் போனால் மூடுகிறது என்றுதான் பிறகும் நெடுங்காலம் நினைத்தார்கள். 1729இல் பிரான்சின் வானியலாளர் தெ மைரான், தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெயிலே படாத அந்தச் செடி பகலில் விரிந்தது, இரவில் மூடியது. வெளியே பொழுது என்ன என்று யாரும் சொல்லாமலே அதற்குத் தெரிந்திருந்தது.

நமக்கும் தெரியும். மூளையின் அடிப்பகுதியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது உடம்புச் சூடு இறங்கவேண்டும், எப்போது பசிக்கவேண்டும் என்று அது தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறது. கல்லீரல், இதயம், உட்செவி என்று ஒவ்வோர் உறுப்பிலும் கிளைக் கடிகாரங்கள் இருக்கின்றன. பழ ஈயை வைத்து இந்தக் கடிகாரம் மரபணு அளவில் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தத் துறையில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் இருந்தார். ஜெர்மனியின் டூபிங்கனில் ஆய்வு செய்துவிட்டு வந்தவர். அவரும் மாரிமுத்து, சுப்பராஜ் முதலிய சகாக்களும் குகையில் வாழும் இலைமூக்கு வௌவால்களை எடுத்துக்கொண்டார்கள். குகையின் உட்பகுதியில் எந்நேரமும் கும்மிருட்டு. அங்கே ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்தார்கள். அந்தி எப்போது, விடியல் எப்போது என்று அதற்கு வெளிச்சத்தால் தெரிய வழியில்லை. சுற்றிலும் மற்ற வௌவால்கள் வழக்கம்போல மாலையில் இரைதேடப் போயின, விடியலில் திரும்பின. அடைபட்ட வௌவாலும் அதே நேரத்துக்குச் சிறகடித்தது, அதே நேரத்துக்கு அடங்கியது. மற்றவை இல்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவி எங்கோ போய்விட்டது. 1978இலும் 1981இலும் இந்த முடிவுகள் வெளியாயின. 1983இல் இன்னொன்றும் சொன்னார்கள்: வேற்றின வௌவால் ஒன்றை அதே கூட்டத்தின் நடுவே வைத்தால், கூட்டத்தின் நேரம் அதைக் கட்டுப்படுத்தவில்லை.

எனக்கு இந்த ஆய்வில் கிடைத்த பாடம் இதுதான். உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி வைக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சூரியன். இன்னொருவர் நம்மோடு வாழ்கிறவர்கள். கூட்டம் இருந்தால் மட்டும் போதாது, நம் கூட்டமாக இருக்கவேண்டும். இரவு ஒரு மணிக்குக் கைப்பேசித் திரையில் ஆயிரம் பேர் இருக்கலாம். அவர்களில் ஒருவரும் நம்மோடு விடியற்காலையில் எழப்போவதில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் கடிகாரம், செய்தித்தாள், சூரிய ஒளி எதுவும் எட்டாத தனியறை ஒன்று கட்டி, மனிதர்களையும் வாழவைத்துப் பார்த்தார்கள். அப்படித் தனித்திருந்த ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி, தடம் மாறிய அவருடைய தூக்கச் சுழற்சியோடு சேர்ந்து மாறவில்லை என்பதை 1991இல் வெளியிட்டார்கள். இதேபோல ஜெர்மனியின் ஆன்டெக்ஸ் ஊரில் நிலவறைக்குள் இருந்தவர்களுக்கு ஒரு நாள் என்பது சுமார் 25 மணி நேரமாக நீண்டது. பின்னாளில் ஹார்வர்டில் விளக்கொளியைக் கட்டுப்படுத்தி இன்னும் துல்லியமாக அளந்தார்கள். மனித உடம்பின் நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999இல் தெரிந்தது.

அந்தப் பதினோரு நிமிடத்தைச் சும்மா என்று நினைக்காதீர்கள். விட்டுவிட்டால் நம் கடிகாரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பின்தங்கும். தினமும் அதை முன்னுக்கு இழுத்து வைப்பது காலை வெளிச்சம். இரவு வெளிச்சமோ இன்னும் பின்னுக்குத் தள்ளுகிறது. சூரியன் ஏறி அரை மணி ஆனால் நம் களத்துமேட்டில் பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். டியூப்லைட் எரியும் கூடத்தில் சில நூறு லக்ஸ்தான். வீட்டுக்குள் இருந்துகொண்டு விடிந்துவிட்டது என்று நாம் நினைக்கலாம், மூளை நினைக்காது. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஐரோப்பாவின் வடக்கே குளிர்காலத்தில் சூரியனைப் பார்ப்பதே அரிது. இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் சூரியன் உதித்துவிடும். காசில்லாமல் தினமும் கிடைக்கிற மருந்து. எடுத்துக்கொள்வதில்தான் சோம்பல்.

இனி மனசுக்கு வருகிறேன். நம் அகப்பொருள் இலக்கணம் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு சிறுபொழுதை ஒதுக்கியது. முல்லையின் காத்திருப்புக்கு மாலை, நெய்தலின் இரங்கலுக்கு எற்பாடு, மருதத்தின் ஊடலுக்கு வைகறை. மனத்துக்கும் பொழுதுக்கும் தொடர்பு உண்டு என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. மனநல மருத்துவரும் அதையே வேறு விதமாகக் கேட்பார். "மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறதா? காலையில்தான் ரொம்பக் கனமாக இருக்கிறதா? பொழுது ஏற ஏறக் கொஞ்சம் தேவலையா?" ஆழ்ந்த மனச்சோர்வில் இது பலருக்கும் இருக்கிற அடையாளம்.

பர்மிங்காம், சர்ரே, மோனாஷ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2019இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நள்ளிரவு தாண்டி வெகுநேரம் விழித்திருக்கும் 22 பேர். அவர்களுக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை; ஒரு பகுதியினரிடம் நேரத்தை மட்டும் மாற்றச் சொன்னார்கள். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக எழவேண்டும், காலையில் வெளிச்சத்தில் இருக்கவேண்டும், எழுந்ததும் சாப்பிடவேண்டும், மதியச் சாப்பாடு தினமும் ஒரே நேரத்தில், மூன்று மணிக்கு மேல் காபி, டீ கூடாது, நான்கு மணிக்கு மேல் குட்டித் தூக்கம் கூடாது, இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிக்கவேண்டும், விடுமுறை நாளிலும் இதே நேரம். மூன்று வாரத்தில் அவர்களின் உடல் கடிகாரம் சுமார் இரண்டு மணி நேரம் முன்னுக்கு வந்தது. மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்தன. 22 பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆனால் 2021இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலை ஆராய்ந்தபோதும் அதே திசையில்தான் விடை வந்தது. தூங்கும் நேரம் ஒரு மணி முன்னால் அமைந்தவர்களுக்குப் பெரும் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 23 விழுக்காடு குறைவு. உங்களில் மூத்தவர்கள் சிரிப்பது தெரிகிறது. "இதைத்தானே எங்கள் பாட்டி சொன்னாள்" என்கிறீர்கள். பாட்டி சொன்னதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஓர் இரவு முழுக்க விழித்திருந்தால் மனச்சோர்வு மறுநாள் சட்டென்று குறைவதை 1971இலேயே டூபிங்கன் மருத்துவர்கள் எழுதினார்கள். அடுத்த முறை தூங்கி எழுந்ததும் பெரும்பாலோருக்குச் சோர்வு திரும்பிவிடும். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கோ விழித்திருப்பது வெறியெழுச்சியைக் கிளப்பிவிடலாம். ஆகவே இது மருத்துவமனையில் செய்யவேண்டியது, வீட்டில் முயலக் கூடாது.

அடுத்து காது. கரண்ட் போன இரவை நினைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி மெல்ல நின்றுவிட்டது. தெருவிளக்கும் இல்லை. அப்போது காதுக்குள் "கொய்ங்" என்று ஒரு சத்தம். சிலருக்குச் சில்வண்டு, சிலருக்குக் குக்கர் விசில், சிலருக்குக் கடலோசை. விசிறி ஓடியபோதும் அது இருந்தது. இப்போது தனியாக மாட்டிக்கொண்டது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் எந்தக் குறையும் இல்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்தார்கள். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். ஆகவே சத்தம் கேட்டவுடன் பயப்படவேண்டியதில்லை. விடாமல் கேட்டு, வாழ்க்கையை அரித்தால்தான் அது நோய். உலகில் 74 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்குக் காது இரைச்சல் இருப்பதாகவும், 12 கோடிக்கும் மேற்பட்டோரை அது கடுமையாக வாட்டுவதாகவும் 2022இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பெரும்பாலும் இந்தச் சத்தம் உருவாவது மூளையில். உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 முடிச்செல்கள் உண்டு. வயதாலோ பேரொலியாலோ சில மருந்துகளாலோ அவை செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. செய்தி குறைந்துபோன மூளை, பழைய ரேடியோவில் நிலையம் சரியாக எடுக்காதபோது நாம் ஒலியைக் கூட்டுவதுபோல, தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. பாட்டு வருவதில்லை, இரைச்சல் வருகிறது. இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது.

இந்த இரைச்சலுக்கும் பொழுது உண்டு. தங்கள் காது இரைச்சலைக் கைப்பேசிச் செயலியில் வேளைக்கு வேளை பதிவுசெய்த சுமார் 350 பேரின் குறிப்புகளை 2017இல் அலசினார்கள். நள்ளிரவு முதல் காலை எட்டு மணிவரை சத்தமும் அதிகம், அதனால் வரும் துன்பமும் அதிகம். அந்த நேரத்தின் மன அழுத்தத்தைக் கழித்துப் பார்த்தாலும் அப்படித்தான். ஆக, இரவு இரண்டு மணிக்கு "இது தாங்காது, இனி வாழ்க்கையே இப்படித்தான்" என்று தோன்றினால், அது அந்த மணியின் தீர்ப்பு. அதே மனிதர் பத்து மணிக்கு வேறு தீர்ப்புச் சொல்வார். இரவு இரண்டு மணிக்கு வாழ்க்கையைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

தூக்கம் கெட்டால் இரைச்சல் துன்புறுத்துகிறது. இரைச்சல் துன்புறுத்தினால் மனம் கலங்குகிறது. மனம் கலங்கினால் தூக்கம் கெடுகிறது. இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது? இரைச்சலை நேரடியாக அழிக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. தூக்கத்தில் கை வைக்கலாம். காது இரைச்சலால் தூக்கமிழந்த 102 பேரைக் குழுக்களாகப் பிரித்து இங்கிலாந்தில் நடந்த சோதனை 2023இல் வெளியானது. தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தூக்கமும் தேறியது, இரைச்சலின் துன்பமும் மற்றக் குழுக்களைவிடக் குறைந்தது. கவனியுங்கள், இரைச்சல் மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது நம்மை ஆட்டிவைப்பது குறையும். நேரத்தை மாற்றினாலே காது குணமாகும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? தூக்கத்தைக் கூப்பிட்டால் வராது. "பத்து மணிக்குத் தூங்கியே தீருவேன்" என்று படுத்தால் பதினொன்றரைவரை விட்டத்தைத்தான் பார்ப்போம். எழுவது மட்டும் நம் கையில் இருக்கிறது. ஆகவே எழும் நேரத்தை முதலில் கட்டுங்கள். ஐந்தரை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரை. இப்போது ஏழரைக்கு எழுகிறவர் ஒரே நாளில் ஐந்தரைக்குத் தாவவேண்டாம். சில நாளுக்கு ஒருமுறை கால் மணி, கால் மணியாக முன்னால் நகர்த்துங்கள். எழுந்ததும் வெளியே வாருங்கள். வாசல் தெளிப்பதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் வரப்பில் நடப்பதும் அதற்குப் போதும். சூரியனை நேராகப் பார்க்கவேண்டாம், வெட்டவெளியில் அரை மணி இருந்தால் சரி.

மாலை டீயை மூன்று மணியோடு நிறுத்துங்கள். குடித்த காபியில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சாராயம் தூங்கவைக்கும் என்பது பாதி உண்மை. பின்னிரவில் எழுப்பியும் விடும், முழித்தபின் காதும் சேர்ந்து கத்தும். கண் சொக்கும்போதுதான் படுக்கைக்குப் போகவேண்டும். இருபது நிமிடம் போலப் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையில் உட்காருங்கள், சொக்கினால் திரும்பப் படுங்கள். படுக்கை என்றால் போராட்டம் என்று மூளை பழகிவிட்டதை இப்படித்தான் மாற்றவேண்டும். காது இரைச்சல் உள்ளவர்கள் பேரமைதியைத் தேடவேண்டாம். மின்விசிறியின் சத்தமோ தணிவாக ஓடும் வானொலியோ துணைக்கு இருக்கட்டும். காது மந்தமானவர்களுக்குக் காது கேட்கும் கருவியே பல சமயம் இரைச்சலையும் தணிக்கும்.

இது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலை இரவு பகலாக ஓடும். ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவரிடம் ஐந்தரைக்கு எழு என்று நான் எப்படிச் சொல்வது? மும்முனை மின்சாரம் இரவில் வருகிறது என்றால் விவசாயி டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் போகத்தான் வேண்டும். பேருந்து ஓட்டுநர், செவிலியர், 108 ஊழியர் எல்லாரும் இப்படித்தான். அவர்களுக்கு என்னிடம் உள்ள யோசனை சின்னது. எந்த ஷிஃப்ட் ஆனாலும் 24 மணி நேரத்தில் ஒரு நாலு மணி நேரமாவது தினமும் ஒரே வேளையில் தூங்கப் பாருங்கள். இரவு வேலை முடிந்து வரும்போது கறுப்புக் கண்ணாடி போடுங்கள், அறையை இருட்டாக்குங்கள். வீட்டில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைப்பது பெரிய உதவி.

எப்போது மருத்துவரிடம் ஓடவேண்டும்? திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் இரைந்தாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலும், தலைசுற்றல் வந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கவேண்டும். காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகள், அதிக அளவு ஆஸ்பிரின் ஆகியவையும் இரைச்சலைத் தரலாம். சாப்பிடும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காதில் சூடான எண்ணெய் ஊற்றவே வேண்டாம். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் சிறுவங்கூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனம் தாங்காத இரவில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்கவேண்டாம், பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புங்கள்.

கடைசியாக ஊருக்கு ஒரு வார்த்தை. திரௌபதியம்மன் திருவிழாவும் விடிய விடியக் கூத்தும் இந்த மண்ணின் சொத்து. ஆண்டில் சில இரவு கூத்துப் பார்த்து யாருடைய கடிகாரமும் கெட்டுப்போகாது. ஊரே சேர்ந்து விழித்து ஊரே சேர்ந்து தூங்குகிறது. கேடு செய்வது மைக் செட். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற ஏற அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணிதான். கூம்பு ஒலிபெருக்கியின் அடியில் பாய் விரித்துத் தூங்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு மணிவரை அரசு விலக்குத் தரலாம். சட்டம் இருக்கிறது, கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஊராட்சியில் இருப்பவர்கள், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி இல்லை என்று ஒரு தீர்மானம் போடுங்கள். இந்தச் சபையில் இருக்கும் ஒவ்வொருவரும், வீட்டுக்குப் போனதும் நாளை எழும் நேரத்தை முடிவு செய்து, வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். தனியாக எழவேண்டாம், இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு எழுந்து வெளியே வாருங்கள். மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். பலன் இருந்தால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.